பிரிட்டனில் புல்டு போர்க் சாண்ட்விச்சும் தெருவோர உணவும்: கேள்வி பதில்

பிரிட்டனுக்குப் படிக்கவும், வேலை பார்க்கவும், சுற்றிப் பார்க்கவும் வருகிறவர்கள் புல்டு போர்க் (மெதுவாக வேகவைத்துப் பிய்த்த பன்றி இறைச்சி) சாண்ட்விச்சைப் பற்றியும், நின்றபடியே வாங்கிச் சாப்பிடும் அந்நாட்டு எளிய உணவுகளைப் பற்றியும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்த பழக்கத்தால், எந்தக் கடைக்குப் போனாலும் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன் அடுப்பைப் பார்ப்பவன் நான். என் பதில்களிலும் அந்தச் சாய்வு இருக்கும்.

கேள்வி (லெஸ்டரில் படிக்கும் மாணவர்): நண்பர்களுடன் வார இறுதியில் லண்டன் வருகிறேன். நல்ல புல்டு போர்க் சாண்ட்விச் எங்கே கிடைக்கும் ஐயா?

பதில்: புல்டு போர்க் அமெரிக்கத் தென் மாநிலங்களின் உணவு. லண்டனில் அதற்கென்று ஒரு மோகம் எழுந்தது 2010-க்குப் பிறகுதான். 2002-இல் சோஹோ பகுதியின் போலந்து தெருவில் தொடங்கிய போடீன்ஸ் அந்த மோகத்துக்கு முன்னோடி. 2011-இல் தேம்ஸ் தென்கரையில் ஹங்கர்ஃபோர்ட் பாலத்தின் கீழ் ஒரு வண்டியில் தொடங்கிய பிட் க்யூ, மறு ஆண்டே சோஹோவில் சிறு உணவகமாகி, வாசலில் நீண்ட வரிசையை உண்டாக்கியது. அது 2019-இல் மூடப்பட்டுவிட்டது. அதன் வாசலில் நின்ற வரிசையைப் பார்த்து ஊரிலுள்ள மதுக்கூடங்கள் எல்லாம் பட்டியலில் புல்டு போர்க்கைச் சேர்த்துக்கொண்டன என்பதுதான் சிக்கல். அவற்றில் பலவற்றில் இன்று கிடைப்பது, எங்கோ ஒரு தொழிற்சாலையில் வேகவைத்துப் பையில் அடைத்து வந்த இறைச்சியைச் சூடாக்கி, இனிப்புச் சாஸில் புரட்டி, வெண்ணெய் மிகுந்த பிரியோஷ் பன்னுக்குள் திணித்த ஒன்று. அதற்குப் பத்துப் பவுண்டு கொடுப்பது வீண்.

புகை மணம்தான் வேண்டுமென்றால் ஷோர்டிட்ச் பகுதியில் ஸ்க்லேட்டர் தெருவிலுள்ள ஸ்மோக்ஸ்டாக்குக்குப் போங்கள். அவர்களும் தெருக்கடையாகத் தொடங்கி 2016-இல் உணவகமானவர்கள். ஆனால் அங்கே பேர் பெற்றது மாட்டின் நெஞ்சுப் பகுதி இறைச்சியில் செய்த பிரிஸ்கெட் பன் என்பதை நினைவில் வையுங்கள். சந்தையில் நின்று சாப்பிட விருப்பமென்றால், லண்டன் பிரிட்ஜ் நிலையத்தை ஒட்டிய பரோ சந்தையில் கண்ணெதிரே வெட்டித் தரும் வறுத்த பன்றி இறைச்சி ரோலை வாங்குங்கள். அது புல்டு போர்க் அன்று, அதைவிடப் பிரிட்டனுக்குச் சொந்தமானது. இந்த நாட்டில் ஒரே ஒரு பன்றி இறைச்சி சாண்ட்விச்சுக்குத்தான் நேரமிருக்கிறது என்றால், நான் சொல்வது எப்போதும் அந்த வறுவல் ரோலைத்தான்.

கேள்வி (கோயம்புத்தூரிலிருந்து): புல்டு போர்க், ஹாக் ரோஸ்ட் இரண்டும் ஒன்றுதானே? இரண்டிலும் இறைச்சியைப் பிய்த்துத்தானே பன்னில் வைக்கிறார்கள்?

பதில்: பார்வைக்கு அப்படித் தோன்றும், அடுப்பில் நடப்பது வேறு. புல்டு போர்க்குக்குத் தேவை பன்றியின் தோள்பட்டை மட்டுமே. அந்தப் பகுதி நாள் முழுவதும் உழைக்கும் தசை என்பதால் அதில் கொலாஜன் என்ற இணைப்புத் திசு மிகுதி. அவசரமாகச் சமைத்தால் அது ரப்பர் போல ஆகிவிடும். எனவே சுமார் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில், கட்டைப் புகையில், எட்டு மணி நேரத்துக்கும் மேலாக விட்டுவிடுவார்கள். இறைச்சியின் உட்புறம் 90 டிகிரியைத் தாண்டும்போது கொலாஜன் கரைந்து ஜெலட்டினாகி நார்களுக்கிடையே பரவும். அதன் பிறகு கத்தி வேண்டாம், இரண்டு முள்கரண்டிகள் போதும். வட கரோலினா மாநிலத்தில் அதன்மேல் வினிகரும் மிளகாயும் கலந்த நீர்த்த சாஸைத் தெளிப்பார்கள். கொழுப்பின் கனத்தை அந்தப் புளிப்பு வெட்டும். பிரிட்டனில் பெரும்பாலான கடைகள் புளிப்பை விட்டுவிட்டு இனிப்பை மட்டும் எடுத்துக்கொண்டன என்பது என் வருத்தம்.

ஹாக் ரோஸ்ட்டில் வேகுவது முழுப் பன்றி. அதில் புகை இல்லை, சாஸில் ஊறுவதும் இல்லை. தோலைக் கீறி, ஈரம் போகத் துடைத்து, உப்பை அழுத்தித் தேய்த்துப் பல மணி நேரம் வறுக்கும்போது தோல் பொங்கிக் கண்ணாடி போல மொறுமொறுப்பாகும். அதற்குப் பெயர் கிராக்லிங். வெட்டுகிறவர் ஒரே இடத்தில் வெட்டுவதில்லை. தோள்பட்டையில் கொஞ்சம், தொடையில் கொஞ்சம், வயிற்றுக் கொழுப்பில் ஒரு விரல் அளவு என்று எடுத்துப் பலகையில் கலந்து, வழிந்திருக்கும் சாற்றில் ஒருமுறை புரட்டி, சேஜ் இலையும் வெங்காயமும் ரொட்டித்தூளும் சேர்த்த ஸ்டஃபிங்கைப் பன்னில் தடவி, அதன்மேல் இறைச்சியை வைத்து, ஆப்பிள் சாஸை ஊற்றி, கடைசியாக ஒரு துண்டு கிராக்லிங்கைச் செருகுவார். வெறும் தொடைக்கறியை மட்டும் அடுக்கித் தருகிற கடையில் ரோல் வறண்டுதான் இருக்கும். கொழுப்பும் கொஞ்சம் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள்.

கேள்வி (எடின்பரோவுக்குப் புதிதாக வந்தவர்): விக்டோரியா தெருவில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் முழுப் பன்றி ஒன்று கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகளைப் பிடிக்கிற உத்தியா, உண்மையிலேயே நல்ல கடையா?

பதில்: நீங்கள் சொல்வது ஓய்ங்க். ஸ்காட்லாந்தின் எல்லைப்புறப் பண்ணைக்காரர்கள் 2008-இல் தொடங்கிய கடை அது. அதே ஊரின் கேனன்கேட் தெருவிலும் ஒரு கிளை உண்டு. பயணிகள் கூட்டம் இருப்பது உண்மை, ஆனால் பொருள் நல்ல பொருள். பட்டியல் மிகச் சிறியது: ரோலின் அளவைச் சொல்ல வேண்டும், ஸ்டஃபிங்கையும் சாஸையும் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஸ்டஃபிங்காக சேஜ்-வெங்காயமோ, ஆட்டின் உள்ளுறுப்புகளையும் ஓட்ஸையும் மிளகையும் சேர்த்துச் செய்த ஹேகிஸோ கிடைக்கும். ஹேகிஸைத் தனியாகச் சாப்பிடத் தயங்குகிறவர்களுக்கு அதைச் சுவைத்துப் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. அதிலுள்ள மிளகுக் காரம் நம் நாக்குக்குப் பழகியதுதான். காலையில் முழுதாக இருக்கும் பன்றி, நேரம் ஆக ஆகக் கரைந்துகொண்டே வரும். மாலைக்கு ஒத்திப்போடாமல் பகல் 12 மணிக்கு முன்பே போய்விடுங்கள். கிராக்லிங்கும் அப்போதுதான் மொறுமொறுப்பாக இருக்கும்.

கேள்வி (லீட்ஸில் வேலை பார்ப்பவர்): எல்லாரும் லண்டனையே சொல்கிறீர்கள். வட இங்கிலாந்தில் எதுவும் இல்லையா?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். வறுத்த பன்றி இறைச்சி சாண்ட்விச்சைப் பகட்டில்லாமல் அன்றாட மதிய உணவாகச் சாப்பிடும் ஊர் ஷெஃபீல்ட். ஹங்கேரியிலிருந்து குடியேறிய ஒருவரும் அவர் மனைவியும் 1961-இல் தொடங்கிய பெரெஸ் கடைகளில், அவ்வூர்க்காரர்கள் பிரெட்கேக் என்று சொல்லும் தட்டையான பன்னில் சூடான இறைச்சி, ஸ்டஃபிங், ஆப்பிள் சாஸ், கிராக்லிங் எல்லாம் வைத்துக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள். அங்கே மேசை விரிப்பும் இல்லை, இசையும் இல்லை. வரிசையில் கட்டடத் தொழிலாளியும் வங்கி ஊழியரும் ஒன்றாக நிற்பார்கள்.

இன்னும் வடக்கே, டைன் ஆற்று முகத்துவாரத்திலுள்ள சவுத் ஷீல்ட்ஸில் சேவலாய் டிப் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். நன்கு மசாலா சேர்த்த சிவந்த சாசேஜை இரண்டாகப் பிளந்து, வேகவைத்து மசித்த பட்டாணிப் பருப்பு, ஸ்டஃபிங், கடுகு விழுது ஆகியவற்றோடு பன்னில் வைத்து, அந்தப் பன்னையே குழம்பில் முக்கித் தருவார்கள். 1953-இல் தொடங்கிய டிக்சன்ஸ் என்ற இறைச்சிக்கடை இதற்குப் பேர் பெற்றது. சட்டையில் சொட்டாமல் சாப்பிடுவது அரிது. மான்செஸ்டருக்கு வடக்கே பெரி ஊர்ச் சந்தையில் பிளாக் புட்டிங் எனப்படும் இரத்தச் சாசேஜைச் சுடச்சுடப் பிளந்து கடுகு விழுதோடு தருகிறார்கள். ஆட்டு இரத்தப் பொரியலில் வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கேள்வி (மில்டன் கீன்ஸ்): வணக்கம் அண்ணா. என் வீட்டுக்காரர் எல்லாம் சாப்பிடுவார், நான் சைவம், மாமியார் மாட்டிறைச்சி மட்டும் தொடமாட்டார். மூவரும் சேர்ந்து போகிற மாதிரி இடம் உண்டா?

பதில்: உண்டு தங்கச்சி, சந்தைகளின் சிறப்பே அதுதான். ஒரே கூரையின் கீழ் ஆளுக்கொரு கடையில் வாங்கி ஒரே மேசையில் உட்காரலாம். பரோ சந்தையில் காப்பகேசின் கடையின் சீஸ் டோஸ்ட்டியும் (சீஸ் வைத்து வாட்டிய ரொட்டி), இந்தியச் சைவச் சிற்றுண்டிகள் விற்கும் ஹார்ன் ஓகே ப்ளீஸும் உங்களுக்கு ஏற்றவை. ஆனால் கறாரான சைவமென்றால் சீஸ் விஷயத்தில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். பிரிட்டனின் பழைய முறைச் சீஸ்களில் பல, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரெனெட்டால் பாலைத் திரித்துச் செய்யப்படுபவை. பலாக்காயைப் பிய்த்துப் பார்பெக்யூ சாஸில் வதக்கி, புல்டு ஜாக்ஃப்ரூட் என்ற பெயரில் பல கடைகள் தருகின்றன. நம் வீட்டுப் பலாக்காய்ப் பொரியலை அறிந்தவர்களுக்கு அதன் இனிப்பு திகட்டும். பட்டினி கிடப்பதைவிட மேல் என்றுதான் சொல்வேன்.

மாமியாருக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. யார்க்‌ஷர் பகுதியில் மீனையும் உருளைக்கிழங்கு வறுவலையும் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது மரபு. தெற்கே பெரும்பாலும் தாவர எண்ணெய்தான், என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது. கார்னிஷ் பேஸ்டி என்ற பெயரில் விற்கும், மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பண்டத்துக்குள் மாட்டிறைச்சிதான் இருக்கும். 2011 முதல் அந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பு உண்டு என்பதால் அதில் மாற்றமே இல்லை. ஹேகிஸிலும் மாட்டுக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம்.

கேள்வி (ஹாரோ): எங்களோடு இஸ்லாமிய நண்பர் ஒருவரும் வருவார். பன்றி விற்கும் சந்தைக்கு அவரை அழைத்துப் போகலாமா?

பதில்: அவரிடமே கேட்பதுதான் முறை. சந்தைக்குள் வருவதில் அவருக்குத் தடையில்லையென்றால், பன்றியே விற்காத கடையைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பலகை, ஒரே தோசைக்கல் என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிற கடையில் கோழி வாங்குவதில் பொருளில்லை. ஹலால் என்று எழுதியிருக்கும் கடைகள் லண்டன் சந்தைகளில் ஏராளம்.

கேள்வி (கார்டிஃப்): தெருக்கடைகளின் சுத்தத்தை எப்படி நம்புவது?

பதில்: 0 முதல் 5 வரையிலான உணவுச் சுகாதார மதிப்பெண் ஒவ்வொரு கடைக்கும் உண்டு. நீங்கள் இருக்கும் வேல்ஸில் 2013 முதலும், வட அயர்லாந்தில் 2016 முதலும் அதை வாசலில் ஒட்டுவது கட்டாயம். இங்கிலாந்தில் கட்டாயமில்லை என்பதால், ஒட்டாத கடையை இணையத்தில் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் எண் கிடையாது; தேர்ச்சி பெற்றதா, முன்னேற்றம் தேவையா என்பது மட்டும்தான். சூடாக வைத்து விற்கும் உணவு 63 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொது விதி. பிய்த்த இறைச்சி ஆவி பறக்காமல் தட்டில் காய்ந்து கிடந்தால் வேறு கடை பாருங்கள். வேர்க்கடலை, எள், கடுகு போன்ற 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றி நீங்கள் கேட்டால் கடைக்காரர் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

கேள்வி (பிரிஸ்டலுக்கு மாறப்போகிறவர்): மழை பெய்தால் தெருவோர உணவு என்ன ஆகும்? விலையும் சொல்லுங்கள்.

பதில்: கூரையுள்ள இடங்கள் நிறைய இருக்கின்றன. உங்கள் பிரிஸ்டலிலேயே 1743-இல் கட்டப்பட்ட எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தை ஒட்டிய செயின்ட் நிக்கலஸ் சந்தையில் கண்ணாடிக் கூரைக்கடியில் வரிசையாகச் சிறு கடைகள் உள்ளன. மான்செஸ்டரில் 1858-ஆம் ஆண்டின் இறைச்சிச் சந்தைக் கட்டடம் 2017-இல் மேக்கி மேயர் என்ற உணவுக்கூடமாகியது. பெல்ஃபாஸ்டின் செயின்ட் ஜார்ஜ் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரை இயங்குகிறது. பர்மிங்காமில் 2012-இல் தொடங்கிய டிக்பெத் டைனிங் கிளப் இப்போது எங்கே நடக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

விலை லண்டனில் ஒரு சாண்ட்விச்சுக்குப் பத்துப் பவுண்டைச் சுற்றி இருக்கும். வடக்கே இறைச்சிக்கடைகளில் அதைவிடக் கணிசமாகக் குறைவு. வாங்கிச் செல்லும் சூடான உணவுக்கு 20 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி உண்டு, ஆறிய சாண்ட்விச்சுக்கு இல்லை. அடுப்பிலிருந்து எடுத்துத் தானாக ஆறிக்கொண்டிருக்கும் பேஸ்டி சூடானதா ஆறியதா என்று 2012-இல் ஒரு நிதியமைச்சர் வரி போடப் போக, நாடே கொதித்தெழுந்து, இரண்டு மாதத்தில் அவர் பின்வாங்கினார். சாப்பாட்டு விஷயத்தில் ஆங்கிலேயர் அமைதியானவர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி (சென்னையிலிருந்து, பயணத்துக்கு முன்): திங்கட்கிழமை ஒரு பகல் மட்டும் லண்டனில் இருப்பேன். கிங்ஸ் கிராஸில் ரயில் மாற வேண்டும். எங்கே போகட்டும்?

பதில்: திங்களன்று பரோ சந்தை மூடியிருக்கும், அந்தப் பக்கம் போக வேண்டாம். பெட்டி கையில் இல்லையென்றால், கிங்ஸ் கிராஸிலிருந்து தெற்கே நடந்தால் எட்டும் தொலைவில் லெதர் லேன் இருக்கிறது. திங்கள் முதல் வெள்ளி வரை பகலுணவு நேரத்தில் அலுவலகக் கூட்டத்துக்காகவே நடக்கும் தெருச் சந்தை அது; 12 மணிக்கே போய்விட்டால் வரிசை குறைவு, 2 மணிக்கு மேல் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள். பெட்டியோடு நடக்க முடியாது, மழையும் பெய்கிறது என்றால் கோவென்ட் கார்டன் அருகே செவன் டயல்ஸ் மார்க்கெட் கூரையோடு இருக்கிறது. ரயில் இரவில் தாமதமானால் பிரிக் லேனில் பேகல் என்னும் வளைய ரொட்டி விற்கும் பேகல் பேக் 24 மணி நேரமும் திறந்திருக்கும். அங்கே சால்ட் பீஃப் பேகல்தான் பிரபலம், மாட்டிறைச்சி வேண்டாமென்றால் சால்மன் மீனும் கிரீம் சீஸும் வைத்ததைக் கேளுங்கள்.