பரதவர் மதம் மாறியது எப்படி? கேட்டவர்களுக்குப் பதில்

தண்டையார்பேட்டை தம்பி: அண்ணே, போர்ச்சுகீசியர் கத்தி முனையில்தான் தூத்துக்குடிக் கடற்கரை மீனவர்களான பரதவர்களை மதம் மாற்றினார்கள் என்கிறார்களே?

அந்தக் கரையில் அப்படி நடக்கவில்லை தம்பி. 1530களில் முத்துக்குளிக்கும் உரிமைக்காகப் பரதவர்களுக்கும் முஸ்லிம் வணிகர்களுக்கும் வெட்டு குத்து. ஏற்கெனவே கிறிஸ்தவராகியிருந்த ஜோவான் த குரூஸ் என்ற மலபார் வணிகர் வழி சொல்ல, பரதவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுகீசியரிடம் பாதுகாப்பு கேட்டார்கள், ஞானஸ்நானம் வாங்கினால் கப்பற்படை வரும் என்று பேச்சாயிற்று. 1536, 37ல் சுமார் 20,000 பேர் மாறினார்கள். பிழைக்க வேறு வழி தெரியாத சனம் செய்துகொண்ட ஒப்பந்தம் அது. போர்ச்சுகீசியருக்கு முத்துச் சலாபம், அதாவது முத்துக்குளிக்கும் கடல், கைக்கு வந்தது.

காசிமேட்டு அக்கா: அப்போ சவேரியார் என்ன செய்தார்?

பிரான்சிஸ் சவேரியார் என்ற அந்தப் பாதிரியார் வந்தது 1542ல் அக்கா. ஞானஸ்நானம் வாங்கியவர்களுக்கு அதுவரை ஒரு செபம்கூட யாரும் சொல்லித் தரவில்லை. தமிழ் தெரிந்தவர்களை வைத்து மந்திரங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, தெருத்தெருவாக மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தார். தெலுங்கு பேசும் வடுகர் படை கரையைச் சூறையாடியபோது, பாறைகளில் ஒளிந்து தவித்த சனத்துக்குப் படகில் சோறும் தண்ணீரும் கொண்டுபோக முயன்றவரும் அவர்தான். ஆனால் பிள்ளைகளைக் கொண்டு சாமி சிலைகளை உடைக்க வைத்ததையும் அவரே சந்தோஷமாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறார், கோவாவுக்கு இன்குவிசிஷன், அதாவது மத விலகலைத் தண்டிக்கும் திருச்சபை விசாரணை மன்றம், வேண்டும் என்று போர்ச்சுகல் ராஜாவிடம் கேட்டதும் அவர்தான். அது அவர் இறந்தபின் 1560ல் வந்து, எத்தனையோ குடும்பங்களை அலற வைத்தது. புனிதர் என்பதற்காக இந்தப் பக்கத்தை மறைக்கக் கூடாது என்பது என் கருத்து.

வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒருவர்: அமெரிக்கப் பழங்குடிகளுக்கும் இதே கதைதானா?

இல்லைங்க, அங்கே கொடுமை அதிகம். பழங்குடிகளை அடிமையாக்கக் கூடாது என்று போப் மூன்றாம் பால் 1537லேயே ஆணை போட்டார், யார் கேட்டார்கள்? 1562ல் இன்றைய மெக்சிகோவின் யுகாத்தானில் தியேகோ த லாந்தா என்ற துறவி மாயா மக்களைச் சித்திரவதை செய்து, அவர்களுடைய ஏடுகளைத் தீயில் போட்டார். இன்று மிஞ்சியிருப்பது நாலே ஏடுகள்தான், இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. கலிபோர்னியாவில் 1769 முதல் கட்டிய மிஷன்கள் எனும் மதப் பரப்புக் குடியிருப்புகளில் ஞானஸ்நானம் வாங்கியவர் விட்டுப் போக முடியாது, ஓடினால் சிப்பாய் பிடித்து வந்து சவுக்கடி. அம்மையும் தட்டம்மையும் வேறு வாரிக்கொண்டு போயின.

ராயபுரம் தம்பி: மதம் மாறியதால் சாதி போனதா?

போகவில்லை. ஊரோடு மாறியதால் சாதித் தலைமையும் கூடவே வந்தது. திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாகத் தடுத்துக் கோயில் கட்டியிருந்தார்கள், 1910ல்தான் தடுப்பை இடித்தார்கள்.

அதே தம்பி: நம்ம ராயப்பர் கோயிலும் போர்ச்சுகீசியர் கட்டியதா?

இல்லை தம்பி. அது வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே கப்பல் சரக்கு இறக்கிய படகோட்டிகள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்துக் கட்டியது.