பழைய கார் வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: திருமலை (திருகோணமலை) டவுனில் ஒரு கார் சேலில் (பழைய கார் விற்கும் இடத்தில்) 2013 டொயோட்டா அக்வா நிற்கிறது. மீட்டரில் 84,000 கி.மீ. ஜப்பான் ஏலத் தாளும் இருக்கிறது என்கிறார் சேல்காரர். தெரிந்த மனுசன், பொய் சொல்லமாட்டார் என்று அண்ணா அடித்துச் சொல்கிறார். மீட்டரை நம்பலாமா?
(வாசகர், நிலாவெளி)

அந்த மனிதர் பொய் சொல்லாமலே மீட்டர் பொய்யாக இருக்கலாம். 12 வருடத்துக்கு மேல் ஓடிய கார் மூன்று, நான்கு கை மாறித்தான் சேலுக்கு வந்திருக்கும். இரண்டாவது கையில் யாரோ மீட்டரைக் குறைத்திருந்தால் கடைசியாக வாங்கிய சேல்காரருக்கே அது தெரியாமல் இருக்கலாம். அதனால் ஆளை அளப்பதை விட்டுவிட்டு காரைப் பாருங்கள்.

முதலில் கணக்கு. 12 வருடத்தில் 84,000 என்றால் வருடத்துக்கு 7,000 கி.மீ. டவுனுக்குள் பள்ளிக்கூடம், சந்தை, கந்தோர் என்று மட்டும் ஓடிய கார் என்றால் இது நடக்கக்கூடியது. ஆனால் திருமலையிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 260 கி.மீ. கிழமைக்கு ஒருமுறை போய்வந்த காருக்கு அந்தப் பயணம் மட்டுமே வருடத்தில் 27,000 கி.மீ. ஆகிவிடும். ஆகவே முன்னைய உரிமையாளர் யார், காரை எதற்குப் பயன்படுத்தினார், வாடகைக்கு ஓட்டினாரா என்று கேளுங்கள். சர்வீஸ் பில்கள் இருந்தால் திகதியையும் கிலோமீற்றரையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எங்காவது எண் பின்னோக்கிப் போனால் விசயம் வெளிச்சமாகிவிடும். பில் எதுவுமே இல்லையென்றால் எஞ்சின் அறையிலும் கதவு ஓரத்திலும் ஒயில் மாற்றிய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். மீட்டரைக் குறைப்பவர்கள் பலர் அதை உரிக்க மறந்துவிடுவார்கள்.

ஏலத் தாள் நல்ல சான்றுதான், ஆனால் அது பிறப்புச் சான்றிதழ் மாதிரி. ஜப்பானில் ஏலம் நடந்த அன்று கார் எப்படி இருந்தது என்பதை மட்டுமே சொல்லும். தாளில் உள்ள செசி இலக்கம் (காரின் சட்டத்தில் அடித்திருக்கும் அடையாள எண்) காரில் அடித்திருக்கும் இலக்கத்தோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்த வேண்டும். அக்வாவுக்கு அது என்.எச்.பி.10 என்று தொடங்கும். 4, 4.5 போன்ற தரம் நல்லது. ஆர் அல்லது ஆர்.ஏ. என்று போட்டிருந்தால் அது விபத்தில் அடிபட்டுத் திருத்திய கார். கார்ப் படத்தில் ஏ என்பது கீறல், யூ நெளிவு, டபிள்யூ பெயின்ட் வேலை செய்த இடம், இரட்டை எக்ஸ் மாற்றப்பட்ட பாகம். தாளின் பிரதியை வட்ஸ்அப்பில் மட்டும் காட்டினால் போதாது. படத்தில் எண்ணை மாற்றுவது இன்று பெரிய வேலையே இல்லை.

பிறகு கண்ணால் பாருங்கள். பிரேக் பெடல் ரப்பரின் ஓரம், ஸ்டியரிங்கின் மேற்பகுதி, சாரதி இறங்கி ஏறும் பக்கத்துச் சீட் விளிம்பு ஆகிய மூன்றும் தேய்ந்திருக்க மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பெடல் ரப்பரும் ஸ்டியரிங் உறையும் புத்தம் புதிதாக இருந்தாலும் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்த டயர்.

அக்வாவில் மீட்டரை விடப் பெரிய செலவு ஹைபிரிட் பற்றரி. பின் சீட்டுக்கடியில் இருக்கும், 20 மொடியுல், மொத்தம் 144 வோல்ட். அதைக் குளிர வைக்கும் விசிறியின் காற்று வழி தூசியால் அடைத்தால் பற்றரி சூடாகி ஆயுள் குறையும். எமது வெயிலில் இது வேகமாக நடக்கும். ஸ்கேனர் போடக்கூடிய கராஜுக்குக் கொண்டுபோய் ஓட்டத்தில் ஒவ்வொரு பிளொக்கின் (சில மொடியுல்கள் சேர்ந்த தொகுதியின்) வோல்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றத்தில் பாரம் கொடுக்கும்போது ஒரு பிளொக் மற்றவற்றை விட 0.3 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்தால் அந்தப் பற்றரி களைத்துவிட்டது. ஸ்கேனர் கிடைக்காவிட்டால் உவர்மலை ஏற்றத்தில் ஒருமுறை ஏற்றி இறக்கி, பிறகு அனுராதபுர வீதியால் கன்னியாப் பக்கம் போய் வாருங்கள். சார்ஜ் கோடுகள் சட்டென்று நிறைந்து சட்டென்று வடிந்தால் அதுவும் அதே அறிகுறிதான்.

பார்க்கப் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். பொனட்டைத் தொட்டுப் பாருங்கள். நீங்கள் வருகிறீர்கள் என்று முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வாருங்கள்.

கேள்வி: 2025 நவம்பரில் டித்வா புயல் வெள்ளம் வந்த பிறகு சில கார்கள் விலை குறைவாக வருகின்றன. உள்ளே எல்லாம் கழுவித் துடைத்து வாசம் அடித்து வைத்திருக்கிறார்கள். தண்ணீரில் நின்ற காரை எப்படிக் கண்டுபிடிப்பது?
(வாசகர், கிண்ணியா)

வாசம் தூக்கலாக இருப்பதே முதல் எச்சரிக்கை. கண்ணாடிகளை மூடி, ஏசியை நிறுத்தி, பத்து நிமிடம் வெயிலில் விட்டுக் கதவைத் திறந்தால் சேற்று மணம் மேலே வரும்.

கழுவுகிறவரின் கை போகாத இடங்களில்தான் வெள்ளம் தடம் விடும். சீட் பெல்ட்டை முடிவு வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக்கோடு தெரியும். ஸ்பெயார் வீல் குழியையும் கார்ப்பெட்டின் அடியையும் பாருங்கள். சீட் தண்டவாள போல்ட்டிலும் டாஷ்போர்ட்டின் அடியில் உள்ள ஸ்குரூவிலும் கறள் பிடித்திருக்கக் காரணமே கிடையாது. அங்கே கறள் இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை வந்திருக்கிறது. பியூஸ் பெட்டியைத் திறந்து வயர் முனைகளில் பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவு இருக்கிறதா பாருங்கள். ஹெட்லைட்டுக்குள் நீராவி நிற்பதும், இரண்டு ஹெட்லைட்டுகளும் ஒரே நேரத்தில் புதிதாக மாற்றப்பட்டிருப்பதும் கேள்விக்குரியவை.

எயார்பேக்கின் கணினி பல கார்களில் நடு கன்சோலுக்கடியில், தரையோடு ஒட்டி இருக்கும். ஸ்டார்ட் கொடுத்ததும் எயார்பேக் விளக்கு எரிந்து சில செக்கன்களில் அணைய வேண்டும். எரியாமலே இருந்தால் பழுதை மறைக்க விளக்கைத் துண்டித்திருக்கலாம். இது உயிர் விசயம். விலையைக் குறைத்துத் தருகிறேன் என்றாலும் அப்படியான காரை எடுக்காதீர்கள்.

வெள்ளத்தில் நின்ற கார் வாங்கிய அன்று ஓடும், அடுத்த மாதமும் ஓடும். வயர் இணைப்புகளுக்குள் அரிப்பு மெதுவாகத்தான் வேலை செய்யும். ஆறு மாதம் கழித்து ஏபிஎஸ் விளக்கு, பிறகு பவர் விண்டோ, பிறகு ஸ்டார்ட் இல்லை என்று ஒவ்வொன்றாக வரும்போது பழியெல்லாம் காரை வாங்கிய ஆள் மேலேயே விழும். ஹைபிரிட் காராக இருந்து சீட் மட்டத்துக்குத் தண்ணீர் வந்திருந்தால் பற்றரியும் நனைந்திருக்கிறது. விலை எவ்வளவு இறங்கினாலும் அதைத் தொடவேண்டாம்.

கேள்வி: வானின் அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு அடித்திருக்கிறார்கள். நல்லதா கெட்டதா?
(வாசகர், உப்புவெளி)

கறள் வராமல் அடித்ததென்றால் நல்லது, வந்த கறளை மூட அடித்ததென்றால் கெட்டது. கடற்கரை ஓரம் நின்ற வாகனத்தில் பிரேக் பைப், ஸ்பிரிங் உட்காரும் இடம், கதவுக்கடியில் உள்ள பெட்டிப் பகுதி, பின் சில்லு வளைவின் உள்பக்கம் ஆகிய இடங்களை உப்பு தின்னும். ஸ்குரூட்ரைவர் பிடியால் தட்டுங்கள். கணீர் என்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்டாலோ உள்ளே அமுங்கினாலோ அங்கே தகடு இல்லை, கறளும் பெயின்ட்டும்தான். வாகனத்தின் பொடியில் (வெளித் தகட்டில்) கட்டலோய் (நெளிவை நிரப்பும் பசை) பூசியிருப்பதை அறிய மெல்லிய துணி சுற்றிய காந்தம் போதும். பெயின்ட் அளக்கும் கருவி கிடைத்தால் கம்பனிப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரோன் காட்டும். 500க்கு மேல் போனால் அடியில் பூச்சு இருக்கிறது.

கேள்வி: சேல்காரர் "ஓப்பன் பேப்பர்" இருக்கிறது, விரும்பின நேரம் பெயர் மாற்றலாம் என்கிறார். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது. வாங்கலாமா?
(வாசகி, உவர்மலை)

வேண்டாம். திருமலையில் நடக்கும் கார்ச் சண்டைகளில் பாதி இந்த இரண்டு சொல்லில்தான் தொடங்குகிறது என்று சொல்லத் தோன்றும் அளவுக்கு இது கெட்ட பழக்கம்.

ஓப்பன் பேப்பர் என்றால் பதிவு உரிமையாளர் உடைமை மாற்றப் படிவங்களில் கையெழுத்து வைத்து, வாங்குபவரின் இடத்தை வெறுமையாக விட்டுக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு கார் நான்கு பேரிடம் போகும், ஆனால் சட்டத்தின் கண்ணில் முதல் ஆளுடையதாகவே இருக்கும். அவர் காலமாகிவிட்டால் அந்தக் கையெழுத்தை வைத்து மாற்ற முடியாது, வாரிசுகளைத் தேட வேண்டும். வெளிநாடு போய்விட்டால் ஆளைப் பிடிக்கவே முடியாது. புத்தகம் தொலைந்துவிட்டது என்று அவர் வேறொரு பிரதி எடுத்தால் உங்கள் கையில் இருப்பது வெறும் தாள். விபத்து நடந்தால் காப்புறுதிக் கம்பனி கேட்கும் முதல் கேள்வியே கார் யார் பெயரில் என்பதுதான்.

விற்ற ஆளுக்கும் இதில் நிம்மதி இல்லை. பொலிஸ் விசாரணையும் நீதிமன்ற அறிவித்தலும் அவர் வீட்டுக்குத்தான் போகும்.

சரியான வழி இது. பதிவு உரிமையாளர் அல்லது அவரின் அடையாள அட்டை உங்கள் முன்னால் இருக்க வேண்டும். எம்.டி.ஏ. 6 புதிய உரிமையாளர் கொடுக்கும் விண்ணப்பம், எம்.டி.ஏ. 8 விற்றவர் கொடுக்கும் அறிவித்தல். இரண்டையும் திகதி போட்டு நிரப்பி 14 நாளுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன் புத்தகத்தில் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்) யார் என்று பாருங்கள். அங்கே லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் கடன் முடிந்ததற்கான கடிதத்தைக் கம்பனியிடமே நேரில் உறுதிப்படுத்துங்கள். "நாளைக்குக் கட்டி முடிக்கிறேன்" என்ற வாக்கை நம்பி முழுப் பணம் கொடுத்தவர்களின் காரை லீசிங்காரர் வந்து சீஸ் பண்ணி (பறிமுதல் செய்து) கொண்டு போனால் கேட்க வழியில்லை. அந்த நிலுவையை நீங்களே கம்பனியில் நேரடியாகக் கட்டிவிட்டு மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுங்கள்.

செசி இலக்கம், எஞ்சின் இலக்கம் இரண்டையும் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அது புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

கேள்வி: வாங்கி மூன்று கிழமையில் கியர்பொக்ஸ் வழுக்குகிறது. "நல்ல கியர், ஒரு பிரச்சினையும் இல்லை" என்று சொன்னவர், இப்போது "பார்த்துத்தானே எடுத்தீங்க" என்கிறார். முறையிட முடியுமா?
(வாசகர், பாலையூற்று)

முடியும், ஆனால் நாட்களை வீணாக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். வியாபாரி ஏமாற்றும் விதமாக நடப்பதையும் பொருளைப் பற்றிப் பொய்யாகச் சொல்வதையும் அதே சட்டம் தடுக்கிறது. அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1977.

"பார்த்துத்தானே எடுத்தீங்க" என்ற பேச்சுக்கும் சட்டத்தில் ஓர் அடி இருக்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, வாங்குபவர் பரிசோதித்துப் பார்த்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு பொறுப்புக் கேட்பது கடினம். நெளிந்த கதவுக்கு இது பொருந்தும். கியர்பொக்ஸின் உள்ளே உள்ள தேய்மானம் ஒரு சுற்று ஓட்டத்தில் தெரியக்கூடியதா என்பதுதான் உங்கள் வாதம். அதனால் இன்னொரு கராஜில் கழற்றுவதற்கு முன்பே எழுத்தில் அறிக்கை எடுங்கள், ஒயிலின் நிறத்தைப் படம் பிடியுங்கள். கழற்றிய பிறகு போனால் "நீங்கள்தான் உடைத்தீர்கள்" என்பார்கள்.

ரசீது யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள். பல சேல்களில் நிற்கும் கார் சேல்காரருடையது அல்ல. யாரோ விற்றுத் தரச் சொல்லி நிறுத்தியது, இவர் கொமிஷன் எடுப்பவர். அப்படியென்றால் விற்றது அந்தத் தனியாள், அவர் வியாபாரி அல்ல என்ற பதில் வரும். விளம்பரப் பதிவு, வட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். "கியர் நல்லது" என்று சேல்காரரே எழுதிய ஒரு வரி இருந்தால் உங்கள் பக்கம் பலமாகும்.

கேள்வி: நான் சின்னதாக ஒரு கார் சேல் வைத்திருக்கிறேன். குறையைச் சொன்னால் ஆள் பக்கத்துச் சேலுக்குப் போய்விடுகிறார். சொல்லாவிட்டால் பிறகு சண்டை. எப்படி நடத்துவது?
(விற்பனையாளர், திருகோணமலை நகரம்)

குறையைச் சொன்னதற்காக ஆள் போவதில்லை. குறையைச் சொல்லிவிட்டு விலையைக் குறைக்காததற்காகத்தான் போகிறார். முன் மட்கார்ட் மாற்றப்பட்டது, ஏசி கொம்பிரஸர் சத்தம், பின் டயர் இரண்டும் மாற்ற வேண்டும் என்று மூன்றையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் கராஜ் செலவைப் பக்கத்தில் போட்டு, அதைக் கழித்த விலையைச் சொல்லுங்கள். பக்கத்துச் சேலில் "ஒரு குறையும் இல்லை" என்று கேட்டுவிட்டு வந்த ஆள், தன் கராஜ் பாஸை (மெக்கானிக்கை) கூட்டிக்கொண்டு அங்கே போய்ப் பார்த்த பிறகு உங்களிடம் திரும்பி வருவார்.

கார் உங்களிடம் வரும் அன்றே ஒரு தாள் நிரப்புங்கள். வாகன இலக்கம், செசி இலக்கம், அன்றைய மீட்டர் அளவு, யாரிடம் வாங்கியது, லீசிங் உண்டா, பெயின்ட் அடித்த பாகங்கள், ஸ்கேன் அறிக்கை. மீட்டரைப் பற்றி உங்களுக்கு உறுதி இல்லையென்றால் "மீட்டர் காட்டுவது 84,000, உண்மை ஓட்டம் எமக்குத் தெரியாது" என்று அப்படியே எழுதுங்கள். அது வெட்கம் இல்லை. தெரியாததைத் தெரியும் என்று சொல்வதுதான் பிறகு வழக்காகும்.

ரசீதில் இந்த வரிகள் போதும்: "இந்த வாகனம் வெள்ளத்தில் மூழ்கவில்லை. செசியில் விபத்துத் திருத்தம் இல்லை. லீசிங் நிலுவை இல்லை. இவற்றில் எதுவும் பிழையென்று 30 நாளுக்குள் தெரியவந்தால் வாகனத்தைத் திரும்ப எடுத்து முழுப் பணத்தையும் தருவோம்." உறுதியாகத் தெரியாத வரியை வெட்டிவிடுங்கள். வெட்டியது வாங்குபவருக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

அட்வான்ஸ் வாங்கும்போதும் "கராஜ் பரிசோதனையில் மேலே எழுதாத குறை வந்தால் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று எழுதிக் கொடுங்கள். பரிசோதனைக்கு ஒரு முழு நாள் விடுங்கள். உங்கள் பொடியன் கூடவே போகட்டும், ஆனால் எந்தக் கராஜ் என்பதை வாங்குபவரே தீர்மானிக்கட்டும்.