வார்ஃபரின் சாப்பிடும் அம்மாவுக்குக் கன்னாபிடியால் எண்ணெய் கொடுக்கலாமா?

இதய வால்வு மாற்றியபின், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டுவரும் உங்கள் தாயாருக்கு, மூட்டுவலிக்காக இணையத்தில் விற்கும் கன்னாபிடியால் எண்ணெயைக் கொடுக்கலாமா, பக்கவிளைவு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் ஒரு சொட்டுகூடக் கொடுக்காதீர்கள். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநராக இதைச் சொல்கிறேன்.

கன்னாபிடியால் கஞ்சாச் செடியில் இருப்பதுதான் என்றாலும் போதை தராது; போதை தருவது அதே செடியிலுள்ள டிஎச்சி. குழந்தைகளுக்கு வரும் இரண்டு கடுமையான வலிப்பு நோய்களுக்காக அமெரிக்கா 2018இல் எபிடியோலெக்ஸ் என்ற கன்னாபிடியால் மருந்தை அனுமதித்தது. அதைச் சாப்பிட்டவர்களிடம் தூக்கக் கலக்கம், பசியின்மை, வயிற்றுப்போக்கு ஆகியவை காணப்பட்டன. கல்லீரல் நொதிகளின் அளவும் சிலருக்கு உயர்ந்தது, குறிப்பாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு. அங்கே கொடுத்த அளவு மிக அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூட்டுவலிக்கு இது கேட்கும் என்பதற்கோ அத்தகைய உறுதியான சான்று இல்லை.

உங்கள் தாயாரைப் பொறுத்தவரை என் கவலை வேறு. வார்ஃபரினைச் சிதைத்து வெளியேற்றும் கல்லீரல் நொதிகளைக் கன்னாபிடியால் மந்தப்படுத்தக்கூடும் என்பதால், மாத்திரையின் அளவைக் கூட்டாமலேயே மருந்து உடம்பில் தேங்கி ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் பரிசோதனை அளவு) ஏறிவிடலாம்; அப்படி ஏறியதாக மருத்துவ இதழ்களில் பதிவுகளும் உண்டு. ஐஎன்ஆர் மிகுந்தால் மூளையிலோ குடலிலோ ரத்தம் கசியும் அபாயம் கூடும்.

பாட்டிலில் என்ன இருக்கிறது என்பதும் தெளிவாக இருப்பதில்லை. வாடிக்கையாளர் ஒருவர் கொண்டுவந்து காட்டிய பாட்டிலில் ‘விஜயா சாறு 1500 மி.கி.’ என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதில் கன்னாபிடியால் எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்று எங்கும் இல்லை. விஜயா என்பது ஆயுர்வேதத்தில் கஞ்சா இலைக்கு வழங்கும் பெயர், அந்த இலையில் டிஎச்சியும் உண்டு. அமெரிக்காவில் இணையத்தில் வாங்கிய 84 பொருள்களைச் சோதித்து 2017இல் வெளியான ஆய்வில், லேபிளில் சொன்ன அளவோடு ஒத்துப்போனவை பத்தில் மூன்றுதான். 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது.

வலி தாங்கவில்லை என்று கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுத்துவிடவும் வேண்டாம். வார்ஃபரினுடன் சேர்ந்தால் அதுவும் ரத்தக்கசிவை உண்டாக்கும். எண்ணெயை ஏற்கெனவே கொடுத்திருந்தால் நிறுத்திவிட்டு, வார்ஃபரினை மட்டும் நீங்களாகக் கூட்டாமல் குறைக்காமல், நாளைக்கே ஐஎன்ஆர் பார்த்து, பாட்டிலையும் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஈறில் ரத்தம் வந்தாலோ, மலம் கறுத்துப் போனாலோ, திடீரென்று கடுமையான தலைவலி வந்தாலோ நாளைவரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள்.