பழைய தண்டனைகளின் தரவுத்தளம் நீதிபதிக்கு உதவுமா?

கேள்வி: குற்ற வழக்குகளில் இதுவரை விதிக்கப்பட்ட தண்டனைகளை ஒரு தரவுத்தளமாகத் தொகுத்து நீதிபதிகள் கையில் கொடுத்தால், ஒரே குற்றத்துக்கு ஆளுக்கொரு தண்டனை என்ற நிலை மாறுமா?

ஓரளவு மாறும் என்றே நினைக்கிறேன். ஆனால் இன்று தீர்ப்புகள் எழுதப்படும் விதத்தில் அவற்றை அப்படியே அள்ளிப் போட்டுத் தொகுத்தால், இப்போதுள்ள ஏற்றத்தாழ்வுக்குப் புள்ளிவிவரத்தின் முத்திரை கிடைக்கும், அவ்வளவுதான். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், பெரும்பாலும் தமிழ் பேசும் கட்சிக்காரர்களுக்காக வழக்காடுபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் அன்றாடம் காணும் கஞ்சா வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில், 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, தண்டனை அளவைப் பொறுத்தது. கஞ்சா 1 கிலோவுக்குக் கீழ் என்றால் சிறிய அளவு. 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு, அதற்குக் குறைந்தது 10 ஆண்டுச் சிறை. இடைப்பட்ட அளவுக்கு 10 ஆண்டுகள் வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம் என்று மட்டும் சட்டம் சொல்கிறது; குறைந்தபட்சம் எதையும் சொல்லவில்லை. ஆக, 2 கிலோவோடு பேருந்தில் வந்தவரும் 19 கிலோவோடு காரில் வந்தவரும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள். கம்பத்திலிருந்து புறப்பட்ட ஒரு பை தமிழ்நாட்டுப் பக்கமே, லோயர் கேம்ப்பில் பிடிபட்டால் வழக்கு மதுரை தனி நீதிமன்றத்துக்குப் போகும். அதே பை மலையேறிக் குமுளி கலால் சோதனைச் சாவடியில் பிடிபட்டால் கேரளத்தில் எங்கள் தொடுபுழா நீதிமன்றத்துக்கு வரும். சட்டம் ஒன்றே, ஆனால் உயர் நீதிமன்றங்கள் வேறு வேறு. மதுரையில் இதுபோன்ற வழக்கில் என்ன தண்டனை கொடுத்தார்கள் என்பதைத் தொடுபுழா நீதிபதி எளிதில் தெரிந்துகொள்ள இன்று வழியே இல்லை. தரவுத்தளம் வேண்டும் என்று சொல்பவர்களின் பக்கம் உள்ள நியாயம் இதுதான்.

இந்தக் குறை புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. குற்றவியல் நீதிமுறைச் சீர்திருத்தத்துக்காக மத்திய அரசு அமைத்த மளிமத் குழு 2003இல், தண்டனைக்கு வழிகாட்டு நெறிகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மது தொடர்பான கேரள அப்காரி சட்டத்தின் கீழ் வந்த சோமன் வழக்கில், 2012இல், நம் குற்றவியல் நீதிமுறையில் மிகப் பலவீனமான பகுதியே தண்டனை விதிப்புதான் என்று உச்ச நீதிமன்றம் வெளிப்படையாக எழுதியது. 2024இலும் ஒரு தீர்ப்பில், விரிவான தண்டனைக் கொள்கை ஒன்றைப் பற்றி ஆராயுமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது.

வெளிநாடுகளில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நீதித்துறை ஆணையம் நடத்தும் தண்டனைத் தகவல் அமைப்பு பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஜப்பானில் 2009 முதல் பொதுமக்களும் நீதிபதிகளுடன் அமர்ந்து தண்டனையை முடிவு செய்வதால், அவர்களுக்குக் காட்டவென்றே முந்தைய தண்டனைகளின் தொகுப்பு ஒன்று பயன்படுகிறது. ஸ்காட்லாந்தில் 1990களில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நீதிபதிகளோடு சேர்ந்து உருவாக்கிய அமைப்பு நாளடைவில் கைவிடப்பட்டது. மென்பொருள் எழுதுவது இந்த வேலையில் சிறிய பங்கு என்பது இதிலிருந்து எனக்குப் புரிவது.

பெரிய பங்கு, எதைப் பதிவு செய்கிறோம் என்பதில் இருக்கிறது. குற்றம் நிரூபணமானதும், தண்டனை பற்றி எதிரியிடம், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரிடம், நீதிபதி கேட்டாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது பிரிவு 235(2), இப்போது அதன் இடத்துக்கு வந்த நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 258(2). எங்கள் நீதிமன்றங்களில் அந்தக் கேள்வி மலையாளத்தில் வரும். கூண்டில் நிற்கும் தோட்டத் தொழிலாளி வக்கீலின் முகத்தைப் பார்ப்பார். வக்கீல் தமிழில் சொன்னதும், "அம்மா படுக்கையில இருக்காங்க ஐயா, பிள்ளைங்க சின்னது" என்பார். தீர்ப்பில் அது, எதிரிக்கு வயதான தாயும் குழந்தைகளும் உண்டு, கருணை கோரினார் என்று ஒன்றிரண்டு வரிகளாக முடியும். அடுத்த வரியில் தண்டனை வந்துவிடும். அந்தத் தாய்க்காக எவ்வளவு குறைத்தார்கள், முதல் குற்றம் என்பதற்காக எவ்வளவு, கூலிக்குப் பை சுமந்தவர் என்பதற்காக எவ்வளவு என்பதெல்லாம் எங்கும் இருக்காது. எந்தத் தரவுத்தளமும், எழுதப்படாத காரணத்தைத் தேடி எடுத்துக் கொடுக்காது.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று உண்டு. ஏற்கெனவே சிறையில் கழித்த காலமே தண்டனை என்று முடியும் தீர்ப்புகள் பல. குமுளியில் பிடிபட்ட உத்தமபாளையத்துக்காரருக்கு ஜாமீன் கிடைத்தாலும், நிலத்துக்குக் கரம் (நிலவரி) கட்டிய ரசீதோடு வந்து நிற்க உள்ளூரில் இரண்டு ஜாமீன்தாரர்கள் கிடைப்பது அரிது. உள்ளூர்க்காரர் ஒரு மாதத்தில் வெளியே வந்துவிடும் வழக்கில் இவர் எட்டு மாதம் உள்ளே கிடப்பார். கடைசியில் அந்த எட்டு மாதமே தண்டனையாகப் பதிவாகும். பிறகு தரவுத்தளத்தைத் திறக்கும் நீதிபதிக்கு, இந்த அளவு கஞ்சாவுக்கு எட்டு மாதம் என்ற எண் தெரியும். அது குற்றத்தின் கனத்தைக் காட்டவில்லை, ஜாமீன்தாரர் கிடைக்காததைக் காட்டுகிறது என்பது தெரியாது. எனவே விசாரணைக் கைதியாக இருந்த காலம், ஜாமீன் கிடைத்த நாள், உண்மையில் வெளியே வந்த நாள் ஆகிய மூன்றும் தண்டனையோடு சேர்ந்தே பதிவாக வேண்டும் என்பேன். அப்படிப் பதிவு செய்ய முடியாத வழக்குகளைச் சேர்க்காமலே விட்டுவிடலாம். நீதிமன்றம் கலையும் வரை சிறை, கொஞ்சம் அபராதம் என்று முடியும் சில்லறை வழக்குகளுக்கு இவ்வளவு பாடு தேவையில்லை.

இதைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்துவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கேரள உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் வெளியிட்ட கொள்கை, தீர்ப்பின் முடிவை எட்ட அத்தகைய கருவிகளைக் கீழமை நீதிமன்றங்கள் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்திருக்கிறது. அது சரி என்றே நான் கருதுகிறேன். முந்தைய வழக்குகளைப் படிக்கக் கொடுக்கும் அமைப்பு வேறு, தண்டனையைக் கணக்குப் போட்டுச் சொல்லும் அமைப்பு வேறு. சராசரியைக் கண்ணில் காட்டினால் கை தானாகவே அதன் பக்கம் போகும். ஆஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் ஹிலி வழக்கில், 2010இல், நாம் நாடும் ஒருமை சட்டக் கோட்பாடுகளைப் பயன்படுத்துவதில் இருக்க வேண்டும், எண்கள் ஒன்றுபோல் அமைவதில் அல்ல என்று சொன்னதை இங்கே நினைவில் கொள்ளலாம். சராசரியைக் காட்டாமல், நெருக்கமான பத்துப் பன்னிரண்டு வழக்குகளின் சுருக்கத்தையும், மேல்முறையீட்டில் அவை என்ன ஆயின என்பதையும் காட்டினால் போதும். உயர் நீதிமன்றம் குறைத்த தண்டனை, கீழ்நீதிமன்றம் கொடுத்த அளவிலேயே தொகுப்பில் நின்றுவிட்டால் அந்த வரி தவறான வரி.

எல்லாக் குற்றங்களையும் ஒரே மூச்சில் தொகுக்கப் போகாமல், இடைப்பட்ட அளவுக் கஞ்சா வழக்குகளை மட்டும், தொடுபுழாவிலும் மதுரையிலுமாக எடுத்துத் தொடங்கலாம். திரையில் நீதிபதி பார்ப்பதை அரசு வழக்கறிஞரும், சட்ட உதவி மையம் எதிரிக்கு நியமிக்கும் வழக்கறிஞரும் அதே நாளில் பார்க்க முடிய வேண்டும். இல்லாவிட்டால் எந்தப் பழைய வழக்கை வைத்துத் தண்டனை முடிவானது என்று தெரியாமலே நாங்கள் மேல்முறையீட்டு மனு எழுத வேண்டியிருக்கும்.