நகருக்குள் சிறிய வீடா, தொலைவில் பெரிய வீடா?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். நகரம் விரிந்துகொண்டே போகிறது, வாடகையும் ஆண்டுதோறும் ஏறுகிறது. ரயில் நிலையத்துக்கு அருகே 700 சதுர அடியில் ஒரு படுக்கையறை வீடு பார்த்திருக்கிறோம். அதே விலைக்கு நகருக்கு வெளியே 1,050 சதுர அடி கிடைக்கிறது. ஆனால் அங்கே போனால் எங்கள் இருவரின் பயணச் செலவு மாதம் 9 (கீழே சொல்லியிருக்கும் அளவில்) கூடும். "சிறிய வீட்டில் பணத்தைப் போடாதீர்கள், விற்க முடியாது" என்கிறார்கள் வீட்டுப் பெரியவர்கள். எதை வாங்கலாம்?

(தொகைகளை வெளியிட வேண்டாம் என்று இவர் கேட்டிருக்கிறார். அதனால் இருவரின் மாத வருமானத்தை 100 என்று வைத்து மற்றதை அந்த அளவில் தந்திருக்கிறோம்: வீட்டு விலை 4,000, கையில் சேமிப்பு 1,200, இப்போதைய வாடகை 22, மற்ற மாதச் செலவு 40.)

பதில்: நகருக்குள் இருக்கும் சிறிய வீடுதான் உங்களுக்குச் சரி. ஆனால் இந்த மாதம் வாங்காதீர்கள்.

முதலில் அந்தப் பயணச் செலவைப் பார்ப்போம். 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் வாங்கினால், ஒவ்வொரு 1,000-க்கும் மாதத் தவணை ஏறக்குறைய 9 வரும். அதாவது, மாதம் 9 செலவாகும் எதுவும் 1,000 கடனுக்குச் சமம். வெளியே உள்ள வீட்டின் விலைப்பட்டியலில் 4,000 என்று போட்டிருந்தாலும், உங்கள் பையிலிருந்து மாதாமாதம் போகும் பணத்தைப் பார்த்தால் அது 5,000 வீடு. பராமரிப்புக் கட்டணத்தையும் பெரும்பாலும் சதுர அடிக்கு இவ்வளவு என்றுதான் வசூலிப்பார்கள் என்பதால், அதே விகிதம் என்றால் அங்கே அதுவும் ஒன்றரை மடங்கு. எந்த வீட்டை ஒப்பிட்டாலும் கூடுதல் மாதச் செலவை 111-ஆல் பெருக்கி விலையோடு சேர்த்துவிடுங்கள். வட்டி விகிதமோ கடன் காலமோ மாறினால் இந்த 111-உம் மாறும்.

அடுத்து, சதுர அடிக் கணக்கு. விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் சூப்பர் பில்ட்-அப் பரப்பு. அதில் படிக்கட்டு, லிஃப்ட், நடைபாதை, கிளப் ஹவுஸ் எல்லாவற்றிலும் உங்கள் பங்கு சேர்ந்திருக்கும். கேட்க வேண்டியது கார்பெட் ஏரியா, அதாவது சுவருக்குள் நீங்கள் நடமாடும் இடம். நகரத்து வீட்டில் கார்பெட் ஏரியாவின் மேல் 30 சதவீதம் ஏற்றியிருந்தால், 700 என்பது உண்மையில் 538 சதுர அடி. வசதிகள் நிறைந்த வெளி வளாகத்தில் 40 சதவீதம் ஏற்றியிருந்தால் 1,050 என்பது 750. காகிதத்தில் 350 சதுர அடி வித்தியாசம், வீட்டுக்குள் 212-தான். இந்தச் சதவீதத்தை விற்பவரிடம் எழுத்தில் வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பி முன்பணம் தராதீர்கள்.

அப்படிப் பார்த்தாலும் சிறிய வீட்டின் சதுர அடி விலை கூடுதல்தான். இடத்தின் மதிப்பு ஒரு காரணம். இன்னொன்று, வீடு சிறியதோ பெரியதோ ஒரு சமையலறை, ஒரு குளியலறை, குழாய், வயரிங், வாசல் கதவு எல்லாம் வேண்டும். அந்தச் செலவு குறைந்த சதுர அடிகளின் மேல் விழுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதி இருக்கும் நகரங்களில் இது இன்னும் கூடும். கட்டுநர்கள் பெரிய வீடுகளையே கட்ட விரும்புவதும், வளரும் நகரங்களில் சிறிய வீடு தட்டுப்பாடாக இருப்பதும் இதனால்தான்.

அந்தத் தட்டுப்பாடு விற்கும்போது உங்களுக்குச் சாதகம். அதே பகுதியின் பெரிய வீடுகளைவிட மொத்த விலை குறைவாக இருந்தால் வாங்கக்கூடியவர்கள் அதிகம்: தனியாக வாழ்பவர்கள், புதுமணத் தம்பதிகள், பிள்ளைகள் வெளியேறிய முதியவர்கள். ஆனால் பெரியவர்களின் பயம் ஓரிடத்தில் நியாயமானது. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள வீட்டுக்குச் சில வங்கிகள் கடன் தருவதில்லை. நாளை வாங்க வருபவருக்குக் கடன் கிடைக்காவிட்டால் வீடு தேங்கிவிடும். அதனால் உங்களுக்கு ஒரு வங்கியில் கடன் கிடைத்தாலும் இரண்டு வங்கிகளில் விசாரியுங்கள். அனுமதி பெற்ற வரைபடத்தில் அது தனி வீடாகக் காட்டப்பட்டிருக்கிறதா, தனி மின் மீட்டர் உண்டா என்றும் பாருங்கள். ஒரு பெரிய வீட்டை அனுமதியின்றி நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி விற்றிருந்தால் கடனும் கிடைக்காது, பத்திரமும் சிக்கலாகும்.

538 சதுர அடி என்பது சரியாக 50 சதுர மீட்டர். இங்கிலாந்தில் 2015-இல் வெளியான வீட்டு அளவுத் தரம் இருவர் வாழும் ஒரு படுக்கையறை வீட்டுக்கு வைத்திருக்கும் குறைந்தபட்சமும் அதுவே. இருவர் தூங்கும் அறை 11.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும், ஒரு அறையாவது 2.75 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. டேப்போடு போய் அளந்து பாருங்கள். இரண்டு படுக்கையறையில் மூவர் என்றால் அதே தரம் 61 சதுர மீட்டர் கேட்கிறது. ஆகவே குழந்தை பிறந்து வளர்ந்தால் 8, 10 ஆண்டுகளில் மாற வேண்டிவரும் என்று இப்போதே எண்ணிக்கொள்ளுங்கள். மூன்றே ஆண்டுகளில் மாறும் எண்ணம் இருந்தால் வாடகையே மேல். விலை 4,000-இல் முன்பணம் 800 போக மீதி 3,200 கடனில் 3 ஆண்டுகளில் அசல் 197-தான் குறையும். பதிவு, வரி, தரகு போன்றவை 8 சதவீதம் என்று வைத்தாலும் வாங்கும்போதே 320 போயிருக்கும்.

இப்போது ஏன் வாங்க வேண்டாம் என்கிறோம்? முன்பணம் 800, மேற்சொன்ன செலவு 320, அலமாரி, விளக்கு, சமையலறை வேலைக்கு 150. இதற்கே 1,270 ஆகிறது, உங்களிடம் இருப்பது 1,200. இதற்கு மேல் 6 மாதத் தவணைக்கும் செலவுக்குமான அவசர நிதி 413 வேண்டும். மொத்தம் 1,683, பற்றாக்குறை 483. மாதம் 38 மிச்சமாகிறது என்றால் 13 மாதம். அதற்குள் விலை 5 சதவீதம் ஏறினால், மேலும் ஒன்றரை மாதச் சேமிப்பும் தவணையில் 1.4-உம் கூடும். இதைத் தாங்கலாம். பற்றாக்குறைக்குத் தனிநபர் கடன் வாங்குவதைத்தான் தாங்க முடியாது.

கடன் எடுக்கும்போது 15 ஆண்டைப் பரிசீலியுங்கள். 20 ஆண்டுக்குத் தவணை 28.8, 15 ஆண்டுக்கு 32.5. மாதம் 3.7 கூடுதலாகக் கட்டினால் மொத்த வட்டியில் 1,068 மிச்சம். அது உங்கள் பத்து மாத வருமானத்துக்கும் மேல்.

மாறும் வட்டி என்றால் ஒரு எச்சரிக்கை. வட்டி உயரும்போது வங்கி தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டலாம். கடனின் தொடக்கத்திலேயே 9 சதவீதம் 10.5 ஆகி, தவணை அப்படியே இருந்தால், 20 ஆண்டுக் கடன் 34 ஆண்டுக்கு மேல் போகும். வட்டி உயர்ந்ததாகக் கடிதம் வந்த வாரமே வங்கிக்கு எழுதுங்கள்: காலத்தை மாற்ற வேண்டாம், தவணையை 32 ஆக்குங்கள் என்று.