வயதாகும் ரத்தமும் மாரடைப்பும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ரத்த செல்களில் 'டிஎன்எம்டி3ஏ' மரபணு மாற்றம், விஏஎஃப் 4 சதவீதம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. எங்களுக்கும் வருமா டாக்டர்?

பதில்: பரம்பரையாக வராது. அப்பா பிறக்கும்போது இது இல்லை. வயதாக ஆக எலும்பு மஜ்ஜையில் ரத்தத்தை உருவாக்கும் ஒரு ஸ்டெம் செல்லில் விழுந்த பிழை. அந்தச் செல்லின் வாரிசுகள் மற்றவற்றை முந்திப் பெருகிவிட்டன. 70 தாண்டியவர்களில் பத்தில் ஒருவருக்கு மேல் இதுபோன்ற ஏதாவது ஒரு மரபணு மாற்றம் உண்டு. இந்த நிலையைச் சுருக்கமாக 'சிப்' (CHIP) என்பார்கள். விஏஎஃப் என்பது அந்த மரபணுவின் பிரதிகளில் எத்தனை சதவீதம் மாறியிருக்கின்றன என்ற அளவு. அது 4 சதவீதம் என்றால் ஏறக்குறைய 8 சதவீத செல்களில் மாற்றம் இருக்கிறது. ஒவ்வொரு செல்லிலும் மரபணு இரண்டு பிரதிகளாக இருக்க, ஒன்றுதான் கெட்டிருக்கும். விஏஎஃப் 10 சதவீதத்தைத் தாண்டினால்தான் இதயத்துக்குக் கவலை கூடுகிறது.

கேள்வி: இது ரத்தப் புற்றுநோயா?

பதில்: இல்லை. ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் அப்படி மாறுகிறது. அவ்வப்போது சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) பாருங்கள்.

கேள்வி: ரத்தத்தில் இருக்கும் பிழை இதயத்தை எப்படிக் கெடுக்கும்?

பதில்: கொழுப்பு படிந்த ரத்தக்குழாய்ச் சுவருக்குள் மேக்ரோபேஜ் என்ற வெள்ளையணுக்கள் நுழையும். சிப்பில் கெடும் இன்னொரு மரபணு 'டெட்2'. அது கெட்ட மேக்ரோபேஜ்கள் இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற அழற்சிப் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. அழற்சி மூண்டு படிவு வேகமாக வளரும். 2017-இல் எலிகளில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். அதே ஆண்டு மனிதர்களிடம் செய்த ஆய்வில், சிப் உள்ளவர்களுக்கு இதயக்குழாய் நோய் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொலஸ்ட்ரால், சர்க்கரை எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் அப்படித்தான். 'ஜேஏகே2' என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் இன்னும் மோசம். ரத்தம் உறைவதையும் அது தூண்டும்.

கேள்வி: எனக்கு 58, சிகரெட் பழக்கம் உண்டு. ஆண்களுக்கு 'ஒய்' குரோமோசோமே காணாமல் போகுமாமே?

பதில்: உண்மைதான். வயதான ஆண்களின் ரத்த செல்கள் பலவற்றில் அது தொலைந்துவிடுகிறது. எலிகளில் அப்படிச் செய்தபோது இதயத்தில் தழும்புத் திசு பெருகியதை 2022-இல் கண்டார்கள். புகைப்பவர்களிடம் இந்த இழப்பு அதிகம், நிறுத்தியவர்களிடம் குறைவு. தயவுசெய்து இன்றே விடுங்கள். எந்த டெஸ்டையும்விட அதுதான் உங்களுக்கு முக்கியம்.

கேள்வி: கோல்கிசின் மாத்திரை அழற்சியைக் குறைக்குமாமே, அப்பாவுக்குக் கொடுக்கலாமா?

பதில்: 0.5 மில்லிகிராம் கோல்கிசினுக்கு 2023-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது இதயக்குழாய் நோய்க்காக, சிப்புக்காக அல்ல. சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் ஆபத்து. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு சேர்த்தால் உயிருக்கே ஆபத்து. நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பிபி, சர்க்கரை, எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) மூன்றையும் காட்டி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை தேவையா என்று இதய மருத்துவரிடம் முதலில் கேளுங்கள்.