தேய்ந்துபோன சைக்கிள் ஹப்பைச் சரிசெய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

பின்சக்கரம் ஆடுகிறது, சுற்றினால் கரகரக்கிறது, ஹப் (சக்கரத்தின் நடுவே அச்சைச் சுற்றி இருக்கும் குடம்) போய்விட்டது என்று சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றிப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ‘ஹப் போச்சு’ என்று தள்ளப்படும் சக்கரங்கள் பலவற்றில் போயிருப்பது அச்சில் திருகும் கூம்பு வடிவக் கோனும், அதைச் சுற்றி உருளும் எஃகுக் குண்டுகளான பால்ஸும்தான். ஹப் நன்றாகவே இருக்கும்.

முதலில் ஆடுவது ஹப்தானா என்று பாருங்கள். சக்கரம் சைக்கிளிலேயே இருக்கட்டும். ரிம்மைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ‘டக் டக்’ என்று இடம் கொடுக்கிறதா? அது ஹப்பில் இருக்கும் லூஸ். அசைத்தால் ஆடாமல், சுற்றும்போது மட்டும் ரிம் வளைந்து வளைந்து போனால் அது கோட்டம், ஸ்போக்ஸ் வேலை. ஃப்ரீவீல் (சங்கிலி ஓடும் பின்பக்கப் பற்சக்கரம்) மட்டும் தலையாட்டினால் கண்டுகொள்ளாதீர்கள், பெரும்பாலானவை கொஞ்சம் ஆடத்தான் செய்யும். கோனை இறுக்கியும் லூஸ் திரும்பத் திரும்ப வந்தால் அச்சைச் சந்தேகப்படலாம். திருகு ஃப்ரீவீல் போட்ட ஹப்பில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருக்கும், அதற்கு வெளியே அச்சு தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். வளைவதும் ஒடிவதும் அங்கேதான். ஒடிந்த பிறகும் சைக்கிள் ஓடும் என்பதால் பலருக்குத் தெரிவதே இல்லை.

சரி, கழற்றியாயிற்று. மண்ணெண்ணெய் விட்டுப் பழைய கிரீஸை முழுதாகத் துடைத்துவிட்டுக் கோனைப் பாருங்கள். பளபளப்பான ஒரு கோடு ஓடினால் அது சாதாரணம். அந்தக் கோட்டில் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள் விழுந்திருந்தால் கோன் முடிந்தது. குழிகள் பெரும்பாலும் ஒரே பக்கத்தில் இருக்கும். காரணம், அச்சு சுற்றுவதில்லை. உங்கள் எடை முழுவதும் கோனின் அடிப்பக்கத்திலேயே விழுகிறது. ஹப்புக்குள் பால்ஸ் உருளும் கிண்ணமான கப், ஹப்போடு சேர்ந்து சுற்றுவதால் அதன் தேய்மானம் எல்லாப் பக்கமும் பரவிவிடும். அதனால்தான் கோன் முதலில் போகிறது, கப் பிழைத்துக்கொள்கிறது. புதுக் கோன் கையில் இல்லையென்றால், குழி விழுந்த பக்கம் மேலே வரும்படி அச்சைத் திருப்பிப் போட்டுச் சமாளிக்கலாம். தற்காலிகத்துக்குத்தான்.

கப்பைக் கண்ணால் பார்த்தால் போதாது, உள்ளே இருட்டு. பால்பாயிண்ட் பேனாவின் முனையை அந்தப் பாதையில் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. எங்காவது தட்டினால் குழி. இந்தச் சோதனைதான் தீர்ப்பு. கப் நன்றாக இருந்தால் கோன், பால்ஸ், கிரீஸோடு வேலை முடிந்தது. கப்பில் குழி என்றால் பெரும்பாலான ஹப்புகளில் அதைத் தனியாக மாற்ற வழியில்லை. ஸ்போக்ஸ் துளையிலிருந்து ஹப்பின் விளிம்பில் விரிசல் ஓடினாலும் அப்படியே: ஹப்பை மாற்ற வேண்டியதுதான்.

கோன் வாங்கப் பழைய கோனையும் அச்சையும் கையோடு கொண்டுபோங்கள். அச்சில் 10 மி.மீ. அளவும் உண்டு, 3/8 அங்குலமும் உண்டு. இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஆனால் மரை வேறு. என்னைக் கேட்டால் அச்சும் கோனும் ஒரே செட்டாகக் கிடைத்தால் அதையே வாங்குவேன். பால்ஸை மொத்தமாக மாற்றிவிடுங்கள், பழையதும் புதியதும் கலக்க வேண்டாம். பெரிதாக இருக்கும் சில பால்ஸ் மட்டுமே சுமையைத் தாங்கும். பின்சக்கரத்துக்கு வழக்கமாக 1/4 அங்குலம், பக்கத்துக்கு 9. முன்சக்கரத்துக்கு 3/16 அங்குலம், பக்கத்துக்கு 10.

பொறுமை தேவைப்படுவது கோன் வைப்பதில்தான். வலப்பக்கக் கோனையும் அதை நகராமல் பூட்டும் லாக் நட்டையும் ஒன்றோடொன்று இறுக்கிவிட்டு, சரிசெய்வதை எல்லாம் இடப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கோனைக் கையால் முட்டும்வரை திருகி, சற்றே பின்வாங்கி, மெல்லிய கோன் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது கோன் ஒரு நூலளவு உள்ளே போகும், அந்த இடத்தை முன்கூட்டியே விட வேண்டும். முதல் தடவையிலேயே அமைந்துவிட்டால் அதிர்ஷ்டம். அச்சை விரலால் சுற்றினால் கரகரப்பும் கூடாது, ஆட்டமும் கூடாது. நெம்புகோலை மடக்கிச் சக்கரத்தைப் பூட்டும் குவிக் ரிலீஸ் அச்சு மட்டும் விதிவிலக்கு: நெம்புகோலை மூடும்போது அச்சு அழுந்தும் என்பதால், சக்கரம் சைக்கிளுக்கு வெளியே இருக்கையில் துளி ஆட்டம் இருக்கட்டும், மூடியதும் போய்விடும்.

உங்களுடையது சீல்டு பேரிங் (பால்ஸ் உள்ளேயே மூடப்பட்டு ஒரே வளையமாக வருவது) போட்ட ஹப் என்றால் இந்தப் பாடெல்லாம் இல்லை. பேரிங்கின் பக்கத்தில் 6001 என்பதுபோல எண் இருக்கும், அதே எண்ணில் வாங்கி மாற்றலாம். உள்ளே ஏற்றும்போது வெளி வளையத்தில் மட்டும் அழுத்தம் கொடுங்கள். உள் வளையத்தில் தட்டினால் புது பேரிங்கும் வீண்.

ஹப்பையே மாற்றுவதானால் முதலில் ரிம்மைப் பாருங்கள். பிரேக் உரசும் இடம் குழிந்து மெலிந்திருந்தால் அந்த ரிம்முக்குப் புது ஹப் போடுவது வீண் உழைப்பு, முழுச் சக்கரமாக வாங்கிவிடலாம். ரிம் நன்றாக இருந்தால் புது ஹப்பில் துளை எண்ணிக்கை அதேதானா (32, 36), லாக் நட்டுகளின் வெளிமுகங்களுக்கு இடையிலான அகலம் உங்கள் ஃபிரேமுக்குப் பொருந்துகிறதா, ஹப் விளிம்பின் துளை வட்டம் (ஸ்போக்ஸ் துளைகள் அமைந்த வட்டம்) பழைய அளவுதானா என்று பாருங்கள். துளை வட்டம் மாறினால் ஸ்போக்ஸ் நீளமும் மாறும். நீளம் பொருந்தினாலும் பல வருடம் ஓடிய கம்பிகளை நான் திரும்பப் போடமாட்டேன். அவை ஹப்பில் மாட்டும் வளைவில்தான் பெரும்பாலும் அறும்.

கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். மிதிக்க மிதிக்க இறுகியிருக்கும் அதைத் திருக, ரிம்தான் உங்களுக்குக் கைப்பிடி. கம்பியை வெட்டிவிட்டால் ஹப்பைப் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது, நல்ல ஃப்ரீவீல் பழைய ஹப்போடு போய்விடும்.